யாரு சொன்னது என்று கேட்டவள்

சித்தூரில் ஒரு கல்லூரி முதல்வர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். முதலாண்டு மாணவர்களுக்காக, நூலகத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வை எப்படித் தொடங்குவது என்று பத்துக் குறிப்புகள் வேண்டுமாம். பத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள் என்றார். பத்து என்றால் படித்துவிடுவார்கள் என்ற அவருடைய நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் துணை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட குறிப்புகளைப் பணிக்காலத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, லேமினேட் செய்து, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். தண்ணீர் பிடிக்க நின்ற பிள்ளைகள் அதன்மேல் தலை சாய்த்து நின்றதில், ‘தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்’ என்ற முதல் குறிப்பு எண்ணெய்க் கறையில் மறைந்துபோனது. மற்றவை கீழே இருந்ததால் தப்பின. ஆனால் அவற்றைப் படிக்க ஒருவர் குனிய வேண்டும்.

ஆகவே முதல்வருக்குக் குறிப்புகள் அனுப்பப் போவதில்லை. இதை அனுப்புகிறேன். இது ஒரு மாணவியைப் பற்றியது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு எம்.ஏ. வரலாறு படித்தவள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவளை விட்டுவிட்டு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரைத்தான் எல்லோரும் தேடிப் பிடிப்பார்கள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. “யாரு சொன்னது?” தெலுங்கு பேசுகிறவர்களிடம் “எவுரு செப்பினாரு?” கோபமாகக் கேட்க மாட்டாள். ரேணிகுண்டா பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கும் குரலில் கேட்பாள். பதில் வரும்வரை இடத்தைவிட்டு நகரவும் மாட்டாள்.

அந்தக் கேள்வியை நூலகத்தில் முதலில் வாங்கிக்கொண்டவன் நான்தான். மாடியில் பழைய நூல்களுக்கென்று ஓர் அறை இருந்தது. வாசலில் ‘ஆய்வு மாணவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை. பிஎச்.டி. செய்கிறவர்கள் மட்டும் என்று பொருள். எம்.ஏ. மாணவியான அவள் உள்ளே போக வேண்டும் என்றாள். நான் பலகையைக் காட்டினேன்.

“படிச்சேன் சார். யாரு சொன்னது?”

“போர்டுலதான் போட்டிருக்கேம்மா.”

“போர்டு தானா எழுதிக்காது சார். எழுதச் சொன்னது யாருன்னு கேக்கறேன். சர்க்குலர் எதுனா கீதா?”

எனக்கு விதிகள் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தொலைந்த புத்தகத்துக்கு என்ன தண்டம், நனைந்த புத்தகத்தை எப்படி உலர்த்துவது, இறந்துபோன உறுப்பினரின் முன்பணத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் உத்தரவு எண் சொல்லுவேன். ஆகவே கோப்பை எடுத்துவரச் சொன்னேன். சுற்றறிக்கை இல்லை. நூலகக் குழுவின் தீர்மானங்களைப் பார்த்தேன். அதிலும் இல்லை. கடைசியில் பழைய ஊழியர் ஒருவர் சொன்னார்: ஒரு மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுகியதாம். கூட்டம் உள்ளே போகாதிருக்க அப்போதைய நூலகர் அந்தப் பலகையை மாட்டினாராம். ஒழுகல் நின்றுவிட்டது. பலகை நின்றுகொண்டிருந்தது.

நானே ஏணி போட்டுக் கழற்றினேன். அவள் நன்றி சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சார், ஃபேன் ஓடல” என்றாள்.

ஆள் குள்ளம். நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து காலை ரயிலில் வருவாள். வீட்டில் விவசாயம், தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடம் தெலுங்கு மீடியம், கல்லூரி இங்கிலீஷ். மூன்று மொழியிலும் அவளால் சந்தேகப்பட முடியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் குறிப்பெடுப்பாள். ஒரு துண்டில் ஒரு செய்திதான். மேல் மூலையில் சொன்னவர் பெயரும் பக்க எண்ணும். மூலை காலியாக இருந்தால் அந்தத் துண்டைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாள். “இதெல்லாம் அநாதை சார்” என்பாள்.

இன்னொரு பழக்கம், எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்து திறப்பது. முதலில் மேற்கோள் நூல் பட்டியல், பிறகு அடிக்குறிப்புகள், அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் முன்னுரை. ஏன் என்று கேட்டதற்கு, “மாப்ள எப்டின்னு மாப்ளயக் கேட்டா தெரியுமா சார்? அவன் யார் யார்கூட சேந்துக்கினு சுத்தறான்னு பாக்கணும்” என்றாள்.

நூலகத்தில் எம்.ஏ. மாணவர்கள் ஆய்வு தொடங்கும் வழக்கமான முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைக் குறிப்புகளில் யாரும் போடுவதில்லை. கீழ்த்தளத்தின் கோடியில் ‘ப்ராஜெக்ட் ரேக்’ என்று ஓர் அலமாரி. முந்தைய ஆண்டுகளின் ஆய்வேடுகள் அதில் இருக்கும். சீனியர் ஒருவர் வந்து ஜூனியருக்கு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும்: கங்காதர நெல்லூர் என்று இருந்தால் வெதுருகுப்பம் என்று மாற்ற வேண்டும். வெதுருகுப்பம் என்று இருந்தால் வேறொரு மண்டலம். இப்போது கம்ப்யூட்டர் அதை ஒரே தட்டில் செய்துவிடுகிறது.

அந்த அலமாரியிலிருந்து ஒரு நாள் ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“சார், தேவபுத்தூருன்னு ஒரு எழுத்து கீதா?”

“என்ன எழுத்து?”

“இங்க கோயில் கல்வெட்டு தெலுங்குலயும் தேவபுத்தூருலயும் கீதுன்னு போட்டுக்கீறாங்க.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரோ நகரியைப் பற்றி எழுதியதை வேறு யாரோ புத்தூருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நகரிக்கும் நாகரிக்கும் எழுத்து ஒன்றுதான். நகரி இருந்த இடமெல்லாம் புத்தூர் ஆனபோது, தேவநாகரி எழுத்தும் தேவபுத்தூர் ஆகிவிட்டது. அந்த ஆய்வேட்டில் வழிகாட்டி, துறைத்தலைவர், வெளித் தேர்வாளர் மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் வகுப்பு.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த அலமாரியில் தன் ஊர்ப்பக்கத்தைப் பற்றிய ஆய்வேடுகள் அத்தனையையும் எடுத்து மேசையில் பரப்பி உட்கார்ந்தாள். சாயங்காலம் வந்து, “எல்லாத்துலயும் ஒரு வரி மட்டும் மாறாம கீது சார்” என்றாள்.

அந்த வரி இதுதான்: ‘நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளின் தமிழ் விவசாயக் குடும்பங்கள் அண்மைக் காலத்தில் பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள்.’

அவளுடைய சொந்தக் குடும்பத்தைப் பற்றிய வரி. கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்டது வழக்கமான கேள்விதான். அதுவே அவளுடைய ஆய்வுத் தலைப்பாகவும் ஆனது. வழிகாட்டி கொடுத்திருந்த தலைப்பு ‘எல்லை மண்டலங்களின் வேளாண் குடும்பங்கள்.’ அது தலைப்பு. அதில் கேள்வி எதுவும் கிடையாது. தலைப்பை வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு எந்த அலமாரியும் பொருந்தும். அதனால்தான் அவர்கள் கடைசி அலமாரிக்குப் போகிறார்கள். கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலான அலமாரிகள் பொருந்தாது. அது பெரிய சௌகரியம்.

ஆரம்பத்தில் அவளும் திண்டாடினாள். கணினியில் சித்தூர் என்று தேடினாள். பாடப்புத்தகங்கள் வந்தன.

“பழைய புக்கே இல்ல சார் உங்ககிட்ட.”

“சித்தூர் மாவட்டம் உண்டாகறதுக்கு முன்னாடி எழுதின புத்தகத்துல சித்தூர் மாவட்டம்னு எப்படிம்மா போடுவான்?”

அந்தப் பகுதி முன்பு இருந்த மாவட்டமான வட ஆற்காடு என்று போய்த் தேடினாள். புத்தகங்கள் வந்தன. பிறகு அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள்: சத்தியவேட்டைத் தேடச் செங்கல்பட்டு மாவட்டப் புத்தகங்களுக்குப் போக வேண்டும். கார்வேட்டிநகரை வெள்ளைக்காரன் ‘கே’யில் எழுதவில்லை, ‘சி’யில் எழுதினான். நாராயணவனம் அவனுக்கு நாராயணவரம். ஊர்ப்பெயர்களின் பழைய ஸ்பெல்லிங்குகளுக்கென்று தனியாக ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு வைத்துக்கொண்டாள். மாவட்டக் கையேடு, கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். அவற்றில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள், வந்தார்களா என்பதெல்லாம் இல்லை. எங்களிடம் இல்லாத இரண்டு நூல்களுக்காகச் சித்தூரில் ஒரு பழைய நூலகத்துக்கும் போய்வந்தாள். அங்கே கொடுக்க முடியாது என்றார்களாம். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள். மத்தியானத்துக்குள் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பட்டியலோடு வந்தான். செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பட்டியல். ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, எல்லாம் கச்சிதமாக இருந்தன. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நாட்டில் வேறு எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை.

“ஏமி சார், இந்த லைப்ரரீல ஏமீ லேது” என்று, எதுவுமே இல்லையே என அலுத்துக்கொண்டான்.

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். “இது உனக்கு யாரு குடுத்தது?”

“ஃபோன்.”

“ஃபோனுக்கு?”

அவன் அதைப் போனிடமே கேட்டான். போன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேறொரு பட்டியலைக் கொடுத்தது. “மன்னிப்பாச்சும் கேக்குது” என்றாள் அவள். “நம்ம டிபார்ட்மெண்ட்ட விட பரவால்ல.”

அந்த வரியின் வேரை அவள் பிடித்த விதம் எளிமையானது, அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே போவது. புதிய ஆய்வேடுகள் எல்லாம் ஒரு கட்டுரையைக் காட்டின. அந்தக் கட்டுரையை எழுதியவர் அவளுடைய வழிகாட்டிதான். பெயர் பெற்ற கட்டுரை. பருவ இதழ்ப் பிரிவில் அதை எடுத்தாள். அந்த வரிக்கு அங்கே ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அது எங்கள் கீழ்த்தள அலமாரியில் இருந்த மிகப் பழைய ஆய்வேடு ஒன்றைக் காட்டியது. எழுதியவர் அந்தப் பேராசிரியரின் முதல் மாணவர். அதையும் எடுத்தாள். அதிலும் அந்த வரிக்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தது: ‘ஆய்வு வழிகாட்டியுடன் உரையாடல்.’

அதாவது, பேராசிரியர் மாணவரிடம் சொன்னார். மாணவர் எழுதினார். மாணவர் எழுதியதைப் பேராசிரியர் ஆதாரமாகக் காட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பேராசிரியரைக் காட்டினார்கள்.

“கெணத்துல தண்ணி கீதுன்னு பக்கெட்டு சொல்லுது, பக்கெட்டுல தண்ணி கீதுன்னு கெணறு சொல்லுது” என்றாள். “ரெண்டும் காலி சார்.”

ஆய்வேட்டில் இரண்டாம் இயலின் கடைசியில் அவள் எழுதினாள்: ‘இக்குடும்பங்கள் எப்போது, எங்கிருந்து வந்தன, அல்லது வந்தனவா என்பதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை.’ வழிகாட்டி அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, பழைய வரியை எழுதச் சொன்னார். மறுபடி தட்டச்சு செய்து எடுத்துப் போனாள், பழைய வரி இல்லாமல். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் அந்த ஆண்டு பட்டம் இல்லை. புத்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில், பட்டம் வந்ததும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் வராவிட்டால் அந்த வேலை போகும். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையும் இல்லையென்றால் வரனைத் தள்ளிப்போட அவளுக்கு வேறு காரணம் இல்லை.

பேராசிரியர் அவளை அழைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பவர். தன்னை யாரும் கேட்காத உயரத்தில் நெடுநாள் உட்கார்ந்திருந்ததால் கழுத்து அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

“மீரே செப்பண்டி சார்” என்றார் என்னிடம், நீங்களே சொல்லுங்கள் என்று. பிறகு தெலுங்கில் தொடர்ந்தார். பொதுவாகத் தெரிந்த விஷயத்துக்கு ஆதாரம் தேவையில்லை என்று இவளுக்கு நீங்கள்தான் புரியவைக்க வேண்டும்.

“எவுரு செப்பினாரு சார்?” என்றாள் அவள்.

“அந்தரிக்கீ தெலுசம்மா.” எல்லோருக்கும் தெரியும் என்றார்.

“எனக்குத் தெரியாதே சார். நானும் அந்த எல்லாருல ஒருத்திதான?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். நூலகர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. கண்ணாடியைத் துடைக்கக் கூடாது என்று விதியில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். வேட்டி, பச்சைச் சால்வை, தோளில் ஒரு கூடை மாம்பழம். பேராசிரியரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நூலகத்துக்கு வந்தார். பேராசிரியர் கூடையை வாங்கிக்கொண்டாராம். கையெழுத்துப் போடவில்லையாம். அவரும் அவளும் நானுமாக வாசல் டீக்கடையில் நின்றோம்.

“சார், நீங்களாவது சொல்லுங்க. ஒரே ஒரு வரிதான கேக்கறாரு அந்த மனுசன். எழுதிக்குடுத்துட்டு வந்தா இன்னா கொறஞ்சி பூடும்?”

“அந்த வரி என்ன தெரியுமா உங்களுக்கு? நீங்கள்லாம் நேத்து பொழைக்க வந்தவங்கன்னு சொல்லுது” என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “யாரு? நாங்களா? ஆயிரம் வருசமா அந்த மண்ணுலதான் கீறோம். அத்த எழுதும்மா. ஆயிரம் வருசம்னு போடு. எவன் இன்னா கேக்கறான்னு பாத்துக்கலாம்.”

“யாரு சொன்னது நைனா?”

“எங்க நைனா சொன்னாரு.”

“அவருக்கு?”

“அவுங்க நைனா.”

“அவரு ஆயிரத்தையும் எண்ணிப் பாத்தாரா?”

அவர் என்னிடம் திரும்பினார். “பாத்தீங்களா சார்? வூட்ல பெத்தவன் கிட்டயே இப்டி. பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் ஸ்ரீசிட்டி கம்பெனில சூப்பர்வைசர்னாங்க. இவ காபி குடுத்துக்கினே, யாரு சொன்னதுன்னு கேட்டா. பையன்தான் சொன்னான்னாங்க. பையனத் தவுற வேற யாருனா சொன்னாங்களான்னா. காபிய அப்டியே வெச்சிட்டு எழுந்து பூட்டாங்க.”

“சூப்பர்வைசர் இல்ல சார்” என்றாள் அவள். “காண்ட்ராக்ட். அங்க வேல செய்ற எங்க ஊரு பொண்ணக் கேட்டேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். அவள் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தாள்.

“நைனா, நீ சொன்னத எழுதிக்கறேன். உங்க நைனா சொன்னதா நீ சொன்னேன்னு. அது பொய்யில்ல.”

“எம்பேரு புக்குல வருமா?”

“கடசில, பேட்டி குடுத்தவங்க லிஸ்ட்ல வரும்.”

“வெறும் பேருதானா? மாந்தோப்பு கீதுன்னும் போடறியா?”

வழிகாட்டியின் வரியை மறுத்தவள், அப்பாவின் வரியையும் ஏற்கவில்லை. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அந்த டீக்கடையில்தான். எதிராளியிடம் ஆதாரம் கேட்பது எந்த ஊரிலும் நடக்கும். சொந்த அப்பாவிடம், அதுவும் தனக்குச் சாதகமாகப் பேசும்போது கேட்பதற்கு, எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு மாதிரி ஓர் இறுக்கம் வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு விதி இருந்தது. வழிகாட்டி ஆய்வேட்டில் கையெழுத்திட்டு அனுப்ப மறுத்தால், காரணத்தைத் துறைத்தலைவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதிப்புத்தகம் நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. அவளும் எடுத்துப் படித்தாள். பேராசிரியரிடம் போய்க் காரணத்தைக் கேட்டு நின்றாள். என் கட்டுரையை இவள் நம்பவில்லை என்று எந்தப் பேராசிரியர் கைப்பட எழுதுவார்? அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், கடைசியில் அட்டைக்கு அடுத்த பக்கத்தில் கையெழுத்தைப் போட்டார். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு நூலகத்தின் கருத்தரங்க அறையில் நடந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. யாரும் உட்காருவதில்லை என்பது வழக்கம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மையார் ஆய்வேட்டை உண்மையிலேயே படித்திருந்தார். அதுவே அந்த அறைக்குப் புதிது.

“சரி, இத்தனை தேடியிருக்கிறாய். இவர்கள் எங்கிருந்துதான் வந்தார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“தெரியாது மேடம்.”

“தெரியாது என்று சொல்ல ஒரு வருஷமா?”

“இதுவரைக்கும் சொன்னவங்களுக்கும் தெரியாதுன்னு கண்டுபிடிக்கத்தான் மேடம் ஒரு வருஷம் ஆச்சு.”

அவள் இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். உடைந்த ஆங்கிலம். ஆனால் யாருக்கும் புரியாமல் போகவில்லை. அம்மையார் குனிந்து எதையோ எழுதினார். பேராசிரியர் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமல் திருகி மூடினார்.

முடிவு அரைமணி நேரத்தில் வந்தது. தேர்ச்சி. மதிப்பெண் தேர்ச்சிக்கும் புத்தூர் வேலைக்கும் போதுமானது, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. வழிகாட்டி குறிப்பிடும் வாக்கியத்தைச் சேர்த்து, திருத்திய பிரதியை ஒரு வாரத்துக்குள் நூலகத்தில் ஒப்படைத்து, நூலகச் சான்று பெற்றால்தான் முடிவு அறிவிக்கப்படும். அந்த வாக்கியம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாருக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. கையெழுத்திட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. டிஃபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

“என்ன செய்யப் போற?” என்றேன்.

“சேக்கச் சொல்லிட்டாங்கல்ல சார். சேத்துடுவேன்.”

அன்று இரவு, ஒரு வாக்கியம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டம் வேண்டும், வேலை வேண்டும், அந்தக் காண்ட்ராக்ட் மாப்பிள்ளை மாதிரி இன்னொருவன் வராமல் இருக்க வேண்டும். என்னைக் கேட்டிருந்தாலும் சேர்த்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாரம் முடிவதற்கு முந்தைய நாள், கருநீல அட்டையும் தங்க எழுத்துமாகப் பைண்டு செய்த பிரதியை என் மேசையில் வைத்தாள். இரண்டாம் இயலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவளுடைய வாக்கியம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், சேர்க்கச் சொன்ன வரியும் இருந்தது, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், மேற்கோள் குறிகளுக்குள். அதன் தலையில் ஓர் எண். பக்கத்தின் அடியில், அந்த எண்ணுக்குரிய குறிப்பு: இந்த வாக்கியம் வழிகாட்டியின் அறிவுறுத்தலின்படி சேர்க்கப்பட்டது, இது அவருடைய கட்டுரையில் உள்ளது, கட்டுரை இன்ன ஆய்வேட்டை ஆதாரமாகக் காட்டுகிறது, அந்த ஆய்வேடு வழிகாட்டியுடனான உரையாடலை ஆதாரமாகக் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, பக்க எண், எங்கள் நூலகத்தின் அலமாரி எண். ஒரு வசைச்சொல் இல்லை. ஓர் ஆச்சரியக்குறி இல்லை. என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிகச் சுத்தமான அடிக்குறிப்பு அது.

நான் வரவுப் பதிவேட்டைத் திறந்தேன். புதிதாக வரும் பிரதியை உடனே பதிய வேண்டும் என்பது விதி. பொதுவாக எங்களுக்கு ‘உடனே’ என்றால் அடுத்த மாதம். அன்று நான் விதியை எழுத்துக்கு எழுத்து மதித்தேன். வரவு எண் போட்டு, தலைப்புப் பக்கத்திலும் நடுப்பக்கத்திலும் முத்திரை குத்தி, மை காய ஊதிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் உள்ளே வந்தார். பைண்டிங் கடைக்காரர் மூலம் செய்தி போயிருக்க வேண்டும். நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். அடிக்குறிப்பை இரண்டாம் முறையும் படித்தார்.

“ஈ பேஜி தீசேயண்டி” என்றார். இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், நாளைக்கு வேறு பக்கம் வரும்.

“வரவு எண் விழுந்துடுச்சு சார்” என்றேன். “இனி இது பல்கலைக்கழகச் சொத்து. பக்கத்தை எடுக்கணும்னா நூலகக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுக்கணும். எந்தப் பக்கம், என்ன தப்புன்னு குறிப்பிடணும். குழு கூடித் தீர்மானம் போட்டா எடுக்கலாம். குழுவுல வெளி உறுப்பினர் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பாங்க.”

அவர் என்னைவிட்டு அவளிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “நீக்கு ஏம் காவாலம்மா?” என்றார். உனக்கு என்னம்மா வேண்டும்? உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோல்தான் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சார்” என்றாள் அவள் தமிழில். “நீங்க சொன்னத, நீங்க சொன்னதாவே போட்டுக்கீறேன். அவ்ளோதான்.”

அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். மூடிய அட்டைமேல் கொஞ்ச நேரம் கை இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

நான் நூலகச் சான்றில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினேன். அவர் அங்கே நிற்கும்போதே அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். “இனிஷியல் தப்பா போட்டுக்கீறீங்க சார்” என்று திருப்பிக் கொடுத்தாள். திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்கால ரயிலைப் பிடிக்கப் போனாள்.